கல் கணக்கு

அப்பிங்டனில் கல்யாணம் முடிந்த மறுநாள்
எங்கள் இருவருக்கும் ஒரே வாடகைக் காரை
ஏற்பாடு செய்தவன்
ஒன்றும் அறியாதவன்,
அல்லது எல்லாம் அறிந்தவன்.

மோகாம்பரிதான் ஓட்டினாள்.
பதினோரு மாதமாக என்னோடு பேசாத தங்கை
ஏசியோடு பேசினாள், வழிகாட்டும் கைபேசியோடு சண்டை போட்டாள்,
காகாமாஸில் பெட்ரோல் போட்ட பையனிடம்
அவன் அம்மாவின் முழங்கால் வலிவரை விசாரித்தாள்.
அந்த ஊரில் காகங்கள் இருந்தன,
வெள்ளை பனியன் போட்ட காகங்கள்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

ஒரு வாய்க்காலோடு திராட்சைத் தோட்டங்கள் முடிந்தன.
அதற்கு அந்தப் பக்கம்
எந்த ஏரும் ஆசைப்படாத நிலம்.

ஆக்ராபீஸ் வாயிலில்
கத்ரினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள்
ரசீதோடு ஒரு தாளும் தந்தாள்.
செடியைப் பறிக்காதீர்.
பல்லியைத் துரத்தாதீர்.
கல்லை எடுத்துச் செல்லாதீர்.
"இங்கே கல்லுக்கா பஞ்சம்?" என்றாள் மோகாம்பரி
தாளைப் பார்த்து.

சிவப்பு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
பத்து மணி வெயிலில் அது சிவப்பில்லை.
கல்யாணத்துக்கு இட்ட மருதாணி
மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிய கையில்
என்ன நிறத்தில் இருக்குமோ, அது.

நிலாப்பாறை வழுக்கைத் தலையாய் எழுந்து நின்றது.
காலடியில் வெங்காயத் தோல் தோலாகக் கல் உரிந்தது.
நீலத் தலையும் ஆரஞ்சு வாலுமாய் ஒரு பல்லி
எங்களை இரண்டு முறை தண்டால் எடுத்து மிரட்டியது.
பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கிற்று.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆனால் நின்றாள்.
என் மூச்சு அடங்கியதும் நடந்தாள்.

அம்மாவின் வீட்டை விற்ற கணக்கில்
நாலாயிரம் ராண்ட் குறைந்தது.
பிளம்பருக்குக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.
நினைக்கிறேன் என்பது
ரசீது ஆகாது.

மதியம், ஆறு கீழே ஆழத்தில் பழுப்பாய் ஓட,
எதிரொலி முனை என்று பலகை வைத்த இடத்தில்
கூப்பிட எங்களுக்கு ஒரு பெயரும் இல்லை.
ஒரு ஜெர்மன் குடும்பம் கத்திச் சிரித்துவிட்டுப் போயிற்று.
மோகாம்பரி கைகளை வாயருகே குவித்தாள்.
"நாலாயிரம்!"

ஆயிரம், என்றது எதிர்ப்பாறை.
யிரம்.
ரம்.

எங்களில் யாரும் செய்யாத தள்ளுபடியை
அது மூன்று தவணையில் செய்தது.
அவள் தோள் குலுங்கிற்று.
இருமலாகவும் இருக்கலாம்.

ஐந்தரைக்குத்தான் சிவப்பு வந்தது.
அடுப்பை அணைத்த பிறகும்
தோசைக்கல் வைத்திருக்கும் சூடுபோல
உள்ளிருந்து வந்தது.
கோக்கர் மரங்களின் கிளைநுனியில் கொஞ்சம்,
காரின் கதவில் கொஞ்சம்,
மோகாம்பரியின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு.
நம் மொழியில் முகம் சிவக்க இரண்டு காரணம்:
கோபம், வெட்கம்.
பாறைக்கு எது என்று தெரியவில்லை.
அவளுக்கும்.

வாயிலில் கத்ரினா கேட்டாள்:
"ஏதாவது எடுத்துப் போகிறீர்களா?"
"புகைப்படங்கள்" என்றேன்.
மணலில் தேய்ந்த சிரிப்போடு தடுப்பைத் தூக்கினாள்.

காகாமாஸ் விடுதியில் ஷூவைக் கழற்றியபோது
குளியலறை ஓட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம்.
கொத்தமல்லி விதை அளவு.
விளக்கொளியிலும் சிவப்பு.
பல் துலக்கியபடி அவள் குனிந்து பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
நுரையோடு சொன்னாள்:
"திருடி."

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில்
முற்றுப்புள்ளி இல்லாமல் கைபேசிக்கு வந்த அதே சொல்.
இப்போது அதற்குப் பற்பசை வாசம்.

கல்லைச் சோப்புப் பெட்டியில் வைத்தேன்.
காலையில் அந்த வாயில் திறந்துவிடும்.
நாற்பது கிலோமீட்டர். விமானம் ஒரு மணிக்கு.
யோசித்துக்கொண்டே படுத்தேன்.

இருட்டில், சுவர்ப் பக்கம் திரும்பியபடி,
"அலாரம் வை" என்றாள்.